நான்காவது கிலோமீட்டரில் படுத்துவிட்டவன்

கேள்வி எழுதியிருப்பவர் சென்னையின் தென்பகுதியில் வசிக்கும் 38 வயது வாசகி. ஐந்து வருடமாகக் காலையில் ஓடுகிறார். வீட்டில் நான்கு வயது ஆண் லாப்ரடார், கருத்தடை செய்யப்பட்டவன், எடை 38 கிலோ. பெயரை மாற்றி ‘சிம்பா’ என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாரத்தில் நான்கு நாள், காலை ஆறேகால் மணிக்கு, சிம்பாவும் இவரோடு ஆறு கிலோமீட்டர் ஓடியிருக்கிறான். ஒரு சிக்கலும் இல்லை.

மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கத் தாமதமாகி, ஏழரைக்குக் கிளம்பியிருக்கிறார்கள். நான்காவது கிலோமீட்டரில் சிம்பா பின்தங்கினான். நின்றிருந்த வேன் ஒன்றின் நிழலில் போய்ப் படுத்தான். எழுப்பியபோது பின்னங்கால்கள் தள்ளாடின. நாக்கு அடர்சிவப்பாக இருந்தது, எச்சில் கயிறு மாதிரி தொங்கியது. பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றி, ஈரத்துண்டைப் போர்த்தி, ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்து ஏசியில் படுக்கவைத்தார். ஒரு மணி நேரத்தில் எழுந்து தண்ணீர் குடித்தான். மறுநாள் இரண்டு முறை பேதி, அதில் லேசாக ரத்தம். தயிர்சாதம் கொடுத்ததும் சரியாகிவிட்டதாம். பத்து நாள் ஆகிறது.

“என் கணவர், இவன் சோம்பேறி, தின்றுவிட்டுத் தூங்குகிறவன் என்கிறார். காலை நேரம்தானே, அவ்வளவு வெயில்கூட இல்லையே டாக்டர்? மாலைக்கு மாற்றலாமா? முடியை ஒட்ட வெட்டிவிட்டால் சூடு குறையுமா? குளிர்ச்சி தரும் சட்டை, காலுக்கு ஷூ, எலக்ட்ரால் எல்லாம் பயன்படுமா? இவனை விட்டுவிட்டு நான் மட்டும் ஓடப் போனால் கேட் அருகே உட்கார்ந்து ஊளையிடுகிறான். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.”

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: சிம்பா சோம்பேறி இல்லை. சோம்பேறி நாய் முதல் கிலோமீட்டரிலேயே உட்கார்ந்துவிடும், அதற்கு எந்த ஆபத்தும் வராது. லாப்ரடார் அதற்கு நேர்மாறு. கூட ஓடுகிறவர் நிற்கும்வரை அதுவும் நிற்காது. உடம்பு தாங்கும் எல்லையைத் தாண்டி, கால் மடங்கிய பிறகுதான் விழும். அன்று நடந்தது ஹீட் ஸ்ட்ரோக். நடை தள்ளாடினாலே மூளையும் நரம்பும் சூட்டை உணர ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். மறுநாள் பேதியில் வந்த ரத்தம், குடலின் உள்சுவர் சூட்டில் வெந்து உரிந்ததன் அடையாளம். தயிர்சாதத்தால் அது ஆறவில்லை. அது தானாக ஆறக்கூடிய அளவில் இருந்தது, அவ்வளவுதான். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் அன்றே மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். ஹீட் ஸ்ட்ரோக்கில் சிறுநீரகம், கல்லீரல், ரத்தம் உறைதல் ஆகியவற்றில் வரும் கேடு பெரும்பாலும் முதல் மூன்று நாளில்தான் வெளியே தெரியும். நாய் எழுந்து வாலாட்டினால் ஆபத்து தாண்டிவிட்டது என்று நம்ப முடியாது.

‘காலை நேரம்தானே?’

உங்கள் கடிதத்தில் நான் அதிகம் திருத்த வேண்டியிருப்பது இந்த ஒரு வரிதான்.

ஓடும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் ஓட்டமாக மாறுகிறது. மீதி முழுக்க உடம்புக்குள் சூடாக இறங்குகிறது. உங்களுக்கு உடம்பெல்லாம் வியர்வைச் சுரப்பி இருக்கிறது. நாய்க்கு அது பாதத்தின் அடியில்தான் பேருக்குக் கொஞ்சம் இருக்கிறது. அதன் குளிர்சாதனம் மூக்கும் நாக்கும்தான். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 15 முதல் 30 மூச்சு விடுகிற நாய், இரைக்கும்போது 200, 300 என்று போகிறது. மூக்கின் உள்மடிப்பிலும் நாக்கிலும் உள்ள ஈரம் காற்றில் ஆவியாகும்போது அங்கே ஓடும் ரத்தம் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருந்தால் ஆவியாக இடமில்லை. இரைப்பது வேகமாகும், சூடு மட்டும் இறங்காது. இரைப்பதற்கும் தசை வேலை செய்ய வேண்டும் என்பதால் அதுவே இன்னும் கொஞ்சம் சூட்டைச் சேர்க்கும்.

சென்னையில் வெப்பநிலை குறைவாக இருக்கும் அதிகாலையில்தான் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கிறது. ‘வெயில் இல்லை, ஆனால் கசகசவென்று இருக்கிறது’ என்கிறோமே, அந்தக் கசகசப்பு உங்களுக்கு எரிச்சல், சிம்பாவுக்கு அபாயம். ஏழரைக்கு வெயிலும் சேர்ந்துகொண்டது. குளிர்காலத்தில் ஆறேகாலுக்கு ஓடிய அதே வேகத்தில், அதே தூரத்தை, மூன்று மாதத்துக்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம் தள்ளி ஓட வைத்திருக்கிறீர்கள். கோடையின் முதல் சூடான நாட்களில்தான் உடம்பு பழகாமல் இருக்கும். நாய் ஓரளவு பழகவே இரண்டு மூன்று வாரம் வேண்டும். முழுதாகப் பழக இரண்டு மாதம்கூட ஆகும். நாள் முழுக்க ஏசி அறையில் கிடக்கும் நாய்க்கு அந்தப் பழக்கமும் சரியாக வராது.

ஹீட் ஸ்ட்ரோக் என்றால் பூட்டிய காரில் அடைபட்ட நாய்தான் நம் நினைவுக்கு வருகிறது. லண்டன் ராயல் வெட்னரி காலேஜின் வெட்கம்பாஸ் திட்டத்தில் பிரிட்டன் முழுக்கச் சிகிச்சை பெற்ற நாய்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். 2020-இல் முடிவு வெளியானது. வெப்பத்தால் பாதிக்கப்பட்ட நாய்களில் நான்கில் மூன்று, ஓட்டம், நடை, விளையாட்டு என்று உடம்பை வருத்தியதால் விழுந்தவை. காரில் அடைபட்டவை 5 சதவீதம்தான். அதுவும் பிரிட்டனில், நாம் ‘ஊட்டி மாதிரி இருக்கிறது’ என்று சொல்லக்கூடிய சீதோஷ்ணத்தில்.

இணையத்தில் ஒரு கணக்கைப் பார்த்திருப்பீர்கள்: ஃபாரன்ஹீட் வெப்பநிலையையும் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டி 150-ஐத் தாண்டினால் ஓடாதே என்பது. குளிர்நாட்டுக்காரர்கள் போட்டது. அதன்படி பார்த்தால் சென்னையில் மார்கழி விடியற்காலையில்கூட நாயை வெளியே விட முடியாது. எண்ணை விட்டுவிடுங்கள். சிம்பாவின் நாக்கைப் பாருங்கள்.

நாக்கு சொல்வது

வசதியாக ஓடும் நாயின் நாக்கு இளஞ்சிவப்பாக, வாய்க்கு வெளியே கொஞ்சம்தான் நீண்டிருக்கும். சத்தம் கொடுத்தால் வாயை மூடிக் காதைத் திருப்பும். சூடு ஏறும்போது நாக்கு நீளும், நுனி கரண்டி மாதிரி அகன்று ஒருபக்கமாகத் தொங்கும். வாயின் ஓரங்கள் பின்னால் இழுபட்டுக் கடைவாய்ப் பற்கள் தெரியும், கண் சுருங்கும். இந்தக் கட்டத்திலேயே ஓட்டம் முடிந்தது. நிழல், தண்ணீர், மெதுவாக நடந்து வீடு. அடுத்த கட்டத்தில் எச்சில் கெட்டியாகும், ஈறு செங்கல் நிறமாகும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தாமதமாகத் திரும்பும், நிழல் தேடி இழுக்கும். சிம்பா வேன் நிழலில் போய்ப் படுத்தது இந்தக் கட்டத்தையும் தாண்டி. பெரும்பாலும் அதற்கு ஒரு கிலோமீட்டர் முன்பே பின்தங்கத் தொடங்கியிருப்பான். பக்கத்தில் அல்லது முன்னால் ஓடுகிற நாய் உங்கள் பின்னால் வர ஆரம்பித்தால் அது முதல் எச்சரிக்கை. லீஷ் பின்பக்கம் இழுபடுவதைக் கை உணர்ந்ததுமே நின்றுவிடுங்கள்.

இப்போது என்ன செய்ய வேண்டும்

பத்து நாள் ஆகிவிட்டாலும் இந்த வாரமே ஒரு முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். ரத்த அணுக்கள், தட்டணுக்கள், கிரியாட்டினின், கல்லீரல் என்சைம்கள், சிறுநீர். இதயத்தையும் தொண்டையையும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கட்டும். வழக்கமான மருத்துவர் இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இவை அனைத்தையும் பார்க்கலாம்.

இன்னொன்றையும் மறக்காமல் கேளுங்கள்: உண்ணிக் காய்ச்சல். நம் ஊரில் உண்ணி கடிக்காத நாய் அரிது. அது பரப்பும் எர்லிக்கியா, பபீசியா கிருமிகள் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து ரத்தசோகையையும் தட்டணுக் குறைவையும் உண்டாக்கும். வீட்டுக்குள் நன்றாகத்தான் இருக்கும். ஓடவிட்டால் சீக்கிரம் துவளும். ‘இப்போதெல்லாம் முன்பு போல ஓடுவதில்லை, வயதாகிவிட்டது போல’ என்று சொல்லப்படும் நாய்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம். ரத்தத் துளியைக் கண்ணாடியில் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, தேவைப்பட்டால் பிசிஆர். காதுக்குள், விரலிடுக்கில், பெல்ட்டுக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று இன்றைக்கே தடவிப் பாருங்கள்.

லாப்ரடாருக்கு மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று. டிஎன்எம்1 என்ற மரபணுவில் உள்ள மாற்றத்தால், கடுமையாக ஓடிய 5 முதல் 15 நிமிடத்தில் பின்னங்கால் துவண்டு விழும் ஒரு பரம்பரைக் கோளாறு இந்த இனத்தில் உண்டு. அரை மணிக்குள் எழுந்துவிடும். பெரும்பாலும் மூன்று வயதுக்குள் முதல்முறை தெரிந்துவிடும். சிம்பா மூன்று மாதம் ஆறு கிலோமீட்டர் ஓடியவன், மறுநாள் ரத்தப்பேதியும் இருந்தது. ஆகவே அது இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் மறுபடி ஒரு முறை, குளிர்ந்த நாளிலும் பின்னங்கால் தள்ளாடினால் அந்த மரபணுப் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும்.

எடை: 38 கிலோ அதிகம். சாதாரண உடல்வாகுள்ள ஆண் லாப்ரடாருக்கு 29 முதல் 36. விலா எலும்பின் மேல் விரலை அழுத்தாமல் ஓட்டினால் ஒவ்வொன்றும் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு ஸ்வெட்டர் போட்டு ஓடுவதற்குச் சமம். கோடைக்குள் இரண்டு மூன்று கிலோ குறைக்க, ஓட்டத்தைக் கூட்ட வேண்டாம். சோற்றின் அளவையும் சாப்பாட்டு மேஜையடிப் பிச்சையையும் குறைத்தால் போதும்.

மறுபடி அப்படி ஆனால்

நீங்கள் செய்ததில் ஒன்று சரி: உடனே தண்ணீர் ஊற்றினீர்கள். ஆனால் தலையில் ஒரு பாட்டில் போதாது. ஈரத்துண்டைப் போர்த்தியதும் தவறு. போர்த்திய துண்டு இரண்டு நிமிடத்தில் உடம்பின் சூட்டுக்கு வந்து ஈரக் கம்பளியாகிவிடும். காற்றும் படாது.

இடத்திலேயே குளிர்விப்பது முதலில், வண்டி ஏற்றுவது அடுத்து. நிழலில் படுக்கவைத்து வயிறு, தொடையிடுக்கு, அக்குள், மார்பு, முதுகு என்று தோல் நனைய ஊற்றிக்கொண்டே இருங்கள். ஊற்றியது ஓடிப்போகட்டும், அதுதான் சூட்டை எடுத்துப்போகும். தெருமுனைக் கடையில் 20 லிட்டர் கேன் ஒன்றை வாங்கி உடைத்து ஊற்றினாலும் தவறில்லை. பக்கத்து வீட்டுக் குழாயும் ஹோஸும் அதைவிட நல்லது. ஒருவர் ஊற்ற, இன்னொருவர் அட்டையால் விசிற வேண்டும். மூக்கில், வாயில் தண்ணீரைப் புகட்ட வேண்டாம். நினைவோடு இருந்து தானாக நக்கினால் குடிக்கட்டும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ரத்தக்குழாய் சுருங்கி நாய் செத்துவிடும் என்று ஒரு பழைய பயம் இருக்கிறது. இளவயது ஆரோக்கியமான நாய்க்கு அந்தப் பயம் வேண்டாம். ஐஸ் தேடிக்கொண்டு ஓடும் ஐந்து நிமிடம்தான் வீண். கையில் கிடைக்கும் தண்ணீர் எதுவாயினும் சரி.

உங்கள் வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் நாய்க்கென்றே இருக்கட்டும். நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் செலுத்தினால் போதும். சாதாரணமாக 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஓடி வந்ததும் 104 காட்டுவது ஆரோக்கியமான நாயிலும் நடக்கும். கால் மணி, இருபது நிமிடத்தில் இறங்க வேண்டும். இறங்காமல் இருந்தாலோ, தள்ளாட்டம், வாந்தி, மந்தமான பார்வை இருந்தாலோ எண் எவ்வளவாயினும் அவசரம்தான். குளிர்விக்கும்போது 103 வந்ததும் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் அளவுக்கு மீறி இறங்கிவிடும். பிறகு ஏசி போட்ட காரிலோ, பக்கவாட்டில் காற்று வரும் ஆட்டோவிலோ மருத்துவமனை.

பாராசிட்டமால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் இல்லை. காய்ச்சலில் மூளை வேண்டுமென்றே சூட்டை ஏற்றுகிறது. மாத்திரை அந்தக் கட்டளையை மாற்றும். இங்கே வெளியேற வழியில்லாமல் சூடு தேங்கியிருக்கிறது. மாத்திரை அதைத் தொடாது, ஏற்கெனவே அடிவாங்கிய கல்லீரலை இன்னொரு முறை அடிக்கும்.

இந்தக் கோடைக்கு

பரிசோதனை முடிவு நன்றாக வந்தாலும் நான்கு வாரம் ஓட்டம் வேண்டாம், நடை மட்டும். ஒருமுறை ஹீட் ஸ்ட்ரோக் வந்த நாய்க்கு அடுத்த முறை சீக்கிரம் வரும். அதன் பிறகு மே முடியும்வரையிலும் ஆறு கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் சிம்பா ஓடியே ஆக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

சூரியன் உதிக்குமுன் கிளம்பி உதிக்கும்போது வீட்டில் இருங்கள். மே மாதம் சென்னையில் ஆறு மணிக்குக் கால் மணி முன்பே உதித்துவிடும். எனவே ஐந்தேகாலுக்கு வாசலில் இருக்க வேண்டும். 20 நிமிடம் போதும்: ஐந்து நிமிடம் நடை, பிறகு ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி, கடைசி ஐந்து நிமிடம் மோப்பம் பிடித்துக்கொண்டே நடை. அவனை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் உங்கள் ஓட்டத்துக்குப் போங்கள்.

மாலையில் ஓடலாமா என்றால், கடற்காற்று வந்து உங்களுக்கு இதமாக இருக்கும் ஆறு மணிக்கும் தார் ரோடு பகலில் குடித்த சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். உங்கள் முகம் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கிறது, சிம்பாவின் வயிறு ஏறக்குறைய ஓரடியில். புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு நொடி எடுக்காமல் இருக்க முடியாவிட்டால் அவன் பாதமும் அங்கே வேண்டாம். இரவு எட்டரைக்கு மேல் நடை என்றால் சரி. புல், மண் பாதை இருந்தால் இன்னும் நல்லது. கடற்கரைக்குப் போனால் ஈரமணலில் ஓரமாக நடக்கட்டும், கடல் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். உப்பு பேதியாக்கும், பேதி தண்ணீரை வற்றவைக்கும்.

தண்ணீர், எடைக்கு ஒரு கிலோவுக்குச் சாதாரண நாளில் 50 முதல் 60 மில்லி. சிம்பாவுக்கு நாளைக்கு இரண்டு லிட்டரை ஒட்டி, கோடையில் கூடும். வெளியே போனால் அரை லிட்டர் பாட்டிலும் மடக்குக் கிண்ணமும் எடுத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை 100 மில்லி. மொத்தமாக ஊற்றினால் மடமடவென்று குடித்து வாந்தி எடுக்கும். ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பும், முடிந்து ஒரு மணி நேரத்துக்கும் வயிறு நிறைய சாப்பாடு வேண்டாம். லாப்ரடார் மாதிரி மார்பு ஆழமான நாய்க்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

எலக்ட்ரால் தேவையில்லை. நாம் வியர்வையில் உப்பை இழக்கிறோம், நாய் இரைப்பதில் இழப்பது பெரும்பாலும் வெறும் தண்ணீர். ‘சர்க்கரை இல்லாதது’ என்று போட்ட விளையாட்டு வீரர் பானங்களில் சைலிட்டால் இருக்கலாம், அது நாய்க்கு விஷம். கொஞ்சம் இளநீர், விதை எடுத்த தர்ப்பூசணி தரலாம். திராட்சை மட்டும் ஒன்றுகூட வேண்டாம், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முடி, சட்டை, ஷூ, வாய்மூடி

முடியை ஒட்ட வெட்டாதீர்கள். லாப்ரடாருக்கு இரண்டடுக்கு முடி. மேலடுக்கு வெயிலைத் தோலில் நேராகப் படவிடாது. உதிரும் அடிமுடியைச் சீப்பால் வாரத்துக்கு மூன்று முறை வாரி எடுத்தால் காற்று உள்ளே போகும். குளிர்ச்சிச் சட்டை என்று விற்பது ஈரம் ஆவியாவதை நம்பியது. மதுரை, திருச்சி வறட்டு வெயிலில் கொஞ்சம் பயன்படும், சென்னைக் காற்றில் அரை மணியில் போர்த்திய ஈரத்துண்டாகிவிடும். ஷூ பாதத்தைக் காக்கும். ஆனால் ஷூ போட வேண்டிய அளவுக்கு ரோடு சுட்டால் அந்த நேரத்தில் ஓட்டமே வேண்டாம்.

ஓடும்போது கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பில் ‘ஒய்’ வடிவில் வரும் ஹார்னஸ். தொண்டையை அழுத்தும் எதுவும் இரைப்பதைத் தடுக்கும். பொது இடத்துக்கு வாய்மூடி போட்டால், வாயைக் கட்டிப்போடும் துணி, நைலான் வகை கூடவே கூடாது. நாக்கை முழுக்க நீட்டி இரைக்க இடமுள்ள கூடை வகை மட்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வரி: பக், ஷீட்சு, பாக்ஸர் போன்ற சப்பை மூக்கு நாய்களை நம் ஊரில் எந்த மாதத்திலும் ஓடவிடாதீர்கள். நாட்டு நாய் வெயில் தாங்கும் என்பதும் பாதி உண்மைதான். சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லியான உடம்பால் சூட்டை நன்றாக வெளியேற்றும், ஆனால் அவை குறுந்தூரப் பாய்ச்சலுக்கு வளர்க்கப்பட்டவை. உங்களோடு பத்து கிலோமீட்டர் தார் ரோட்டில் வருவது அவற்றுக்கும் வேலை இல்லை.

ஊளைக்கு வருவோம். ஐந்தேகால் நடை முடிந்து வந்ததும் சிம்பாவுக்குத் தண்ணீர் கொடுத்து, இரைப்பு அடங்கட்டும். முந்தின இரவே உள்ளே குழிவான ரப்பர் பொம்மையில் தயிரும் கொஞ்சம் சோறும் அடைத்து ஃப்ரீசரில் வைத்திருங்கள். நீங்கள் ஷூ கயிறு கட்டும்போது அதைக் கையில் எடுங்கள், கேட்டைத் தாண்டும்போது கொடுங்கள். நக்கி முடிக்க அரை மணி ஆகும். கேட் தெரியாத பின்பக்க அறையில் ஃபேனுக்கடியில் விட்டால் இன்னும் நல்லது. முதல் வாரம் ஊளை இருக்கத்தான் செய்யும். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். ஐப்பசி மழை விழுந்த பிறகு, எடை 35-க்குக் கீழே வந்திருந்தால், இரண்டு கிலோமீட்டரில் தொடங்கி வாரத்துக்கு அரை கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு போகலாம்.